எத்தனை தேறின, எது தவறியது: தென்சென்னையில் மென்பொருள் சோதனைத் தொழில்

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்திலிருந்து தாம்பரம் தாண்டி வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியும், கிழக்கே தரமணியில் தொடங்கிச் சிறுசேரி வரை பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டியும் கடந்த முப்பது ஆண்டுகளில் வேரூன்றிய தொழில்களுள் மென்பொருள் சோதனை அதிகம் பேசப்படாத ஒன்றாகும். நிரல் எழுதுவோரைப் பற்றியும் நிறுவனம் தொடங்கியோரைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. பிறர் எழுதிய நிரல் சொன்னபடி இயங்குகிறதா என்று பார்த்துச் சொல்வதையே அன்றாட வேலையாகக் கொண்டவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. இத்தொழிலின் வரலாற்றை ஒரே கேள்வியின் வழியாகப் பின்தொடரலாம்: ஆயிரம் சோதனைகளில் எத்தனை தேறின என்று கேட்பதோடு நில்லாமல், குறிப்பிட்ட ஒரு சோதனை எப்போது தவறியது, அதற்கு முன் எத்தனை முறை தேறியது, எந்த மாற்றத்திற்குப் பின் தவறத் தொடங்கியது என்று பதிவேட்டைக் கேட்டறியும் பழக்கம் எப்படி வந்தது என்பதே அக்கேள்வி.

தாம்பரம் இத்தொழிலுக்கு இடமானதற்குக் காரணங்கள் பழையவை. 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியபோதே நகரத்து வேலைக்கும் புறநகர்க் குடியிருப்புக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிட்டது. 1928இல் டாக்டர் சவுரிமுத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையும், 1937இல் நகருக்குள்ளிருந்து இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியும் ஊருக்கு ஏற்கெனவே ஓர் அடையாளத்தைத் தந்திருந்தன. அந்த மருத்துவமனையின் பெயரையே தாங்கிய சானடோரியம் ரயில் நிலையத்தின் அருகில், சுமார் 260 ஏக்கரில், 1984இல் மத்திய அரசு சென்னை ஏற்றுமதிப் பதப்படுத்து மண்டலத்தை அமைத்தது. ஏற்றுமதி மண்டலம் என்பது சுங்க வரி இல்லாமல் மூலப்பொருளை இறக்கி, உற்பத்தியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கென வேலி போட்டு ஒதுக்கப்பட்ட நிலம். 1965இல் காண்ட்லாவிலும் 1973இல் மும்பை சாந்தாகுரூஸிலும் தொடங்கிய அந்த வரிசையில் வந்ததே இது. உள்ளூர் வாய்வழக்கில் இன்றும் 'மெப்ஸ்' என்றே வழங்கும் இம்மண்டலத்தில் தைத்த ஆடைகளும் தோல் பொருள்களும் மின்னணுப் பாகங்களும் தயாராகி வந்த நிலையில், பெட்டியில் அடைக்கத் தேவையில்லாத ஏற்றுமதிப் பொருளான மென்பொருளும் அதே வேலிக்குள் வந்து சேர்ந்தது. 2003 ஜனவரி 1 அன்று மெப்ஸ் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாற்றப்பட்டது. 1994இல் சென்னையில் தொடங்கப்பட்ட காக்னிசன்ட் நிறுவனம் இங்கே பெரிய வளாகம் ஒன்றை வைத்திருந்ததால், மாலையில் சானடோரியம் நடைமேடையில் ஆடை ஆலைத் தொழிலாளரும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மென்பொருள் ஊழியரும் ஒரே ரயிலுக்குக் காத்திருப்பது வழக்கமாயிற்று. மறுபுறம், 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பிறகு பழைய மாமல்லபுரம் சாலை முழுவதும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன.

சோதனையைத் தனித் தொழிலாகப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் இவ்வட்டாரத்தில் பிறந்ததன்று. கிளென்ஃபோர்டு மையர்ஸ் 1979இல் எழுதிய நூலிலேயே, ஒருவர் தாம் எழுதிய நிரலைத் தாமே சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்ற வாதம் அழுத்தமாக இடம்பெற்றது. அந்த வாதத்தை வணிகமாக மாற்றியது ஆயிரமாண்டுப் பிழை எனப்பட்ட 2000ஆம் ஆண்டுச் சிக்கல். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்த பழைய நிரல்களைத் திருத்துவது ஒரு வேலையென்றால், திருத்தியபின் 1999 டிசம்பர் 31 நள்ளிரவைத் தாண்டும்போதும், 2000 பிப்ரவரி 28க்கு மறுநாளும் வட்டிக் கணக்கும் காப்பீட்டுத் தவணையும் சரியாக வருகின்றனவா என்று ஒவ்வொரு தேதியாக வைத்துப் பார்ப்பது அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. வங்கி, காப்பீடு முதலியவற்றின் மென்பொருளைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட திங்க்சாஃப்ட் 1998இல் சென்னையில் தொடங்கப்பட்டு, திருவான்மியூரிலிருந்து இயங்கி, 2009இல் பங்குச் சந்தைக்கும் வந்தது. பின்னர் ஜெர்மனியின் எஸ்.க்யூ.எஸ். நிறுவனத்தின் கைக்கு மாறி, இப்போது எக்ஸ்ப்ளியோ என்ற பெயரில் கந்தன்சாவடியில் அலுவலகம் கொண்டுள்ளது. 2000இல் சென்னையில் தோன்றிய மேவரிக் சிஸ்டம்ஸும் சோதனையை முதன்மைத் தொழிலாகக் கொண்டே தொடங்கியது. நிரலே எழுதாமல் சோதனை மட்டும் செய்து ஒரு நிறுவனம் பங்குச் சந்தைவரை போக முடியும் என்பது அக்காலத்தில் பலருக்கு வியப்பாகவே இருந்திருக்கும்.

அந்தத் தொடக்க காலத்தில் சோதனையின் அலகு 'டெஸ்ட் கேஸ்' எனப்படும் குறிப்பு. எந்தத் திரையில் எதை உள்ளிட வேண்டும், என்ன விடை வர வேண்டும், உண்மையில் என்ன வந்தது என மூன்று நான்கு நெடுவரிசைகளில் எக்செல் தாளில் எழுதப்பட்டு, கடைசிக் கட்டத்தில் தேறியது அல்லது தவறியது என்று குறிக்கப்படும் வரிசையே அது. அமெரிக்காவின் மின், மின்னணுப் பொறியாளர் கழகம் 1983இல் வெளியிட்ட 829ஆம் எண் தரநிலை, சோதனைக்கான எட்டு ஆவணங்களை வகுத்தபோது, நடந்ததை நடந்த வரிசையில் எழுதும் பதிவேட்டையும் முடிவில் எழுதும் தொகுப்பறிக்கையையும் தெளிவாகப் பிரித்தே வைத்திருந்தது. நடைமுறையில் அந்த இரண்டில் தொகுப்பறிக்கைதான் பிழைத்தது. இதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். கோடைக்காலத்தில் நியூயார்க்கில் காலை ஒன்பது மணி ஆகும்போது தாம்பரத்தில் மாலை ஆறரை. அங்கே வாடிக்கையாளர் மேசைக்கு வந்து அமரும் முன் இங்கிருந்து அன்றைய நிலை அறிக்கை போய்ச் சேர்ந்தாக வேண்டும். மாலை ஆறு மணிக்கு அவசரமாக அனுப்பப்படும் மின்னஞ்சலில் இடம்பெறக் கூடியது எண்ணிக்கையே: திட்டமிட்டவை இத்தனை, முடித்தவை இத்தனை, தேறியவை இத்தனை, தவறியவை இத்தனை. ஒரு நாளில் ஒருவர் எத்தனை டெஸ்ட் கேஸ் முடித்தார் என்பதே உழைப்பின் அளவுகோலாகவும் ஆனதால், தவறிய ஒன்றின் பின்கதையைத் தேடிச் செலவழித்த அரை நாள் எந்தக் கட்டத்திலும் பதிவாகாமல் போயிற்று.

எக்செல் தாளின் குறை, அது நேற்றைய விடையின் மேலேயே இன்றைய விடையை எழுதவிடுவது. அந்தக் குறையைத் தீர்த்தது மெர்க்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் டெஸ்ட் டைரக்டர் என்ற மென்பொருள். பின்னர் குவாலிட்டி சென்டர் என்றும் ஏ.எல்.எம். என்றும் பெயர் மாறிய இது, சோதனைகளையும் அவற்றின் முடிவுகளையும் தரவுத்தளத்தில், அதாவது ஒன்றோடொன்று இணைத்த அட்டவணைகளின் தொகுப்பில், சேர்த்து வைத்தது. தரவுத்தளம் என்றானவுடன் வினவலும் கூடவே வந்தது, எஸ்.க்யூ.எல். என்ற வினவல் மொழியில் ஒரு கேள்வியை எழுதினால், லட்சம் வரிசைகளுக்குள்ளிருந்து வேண்டிய நாலு வரிசைகளை அது எடுத்துத் தரும். தென்சென்னை அலுவலகங்களில் 'க்யூ.சி.' என்று சுருக்கமாக வழங்கிய இக்கருவியின் எக்செல் அறிக்கைப் பகுதியில் இத்தகைய வினவலை நேரடியாக எழுதி ஓட்ட முடிந்தது. அதை எழுதத் தெரிந்தவர் குழுவுக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அறிக்கை கேட்கும் நேரத்தில் அவர் மேசையைச் சுற்றிக் கூட்டமும் இருக்கும்.

அந்தத் தரவுத்தளத்தின் உள்ளமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். சோதனையின் வரையறை 'டெஸ்ட்' அட்டவணையில் இருக்கும். அச்சோதனையை ஒரு குறிப்பிட்ட சுற்றில் சேர்த்தால் 'டெஸ்ட்சைக்கிள்' அட்டவணையில் ஒரு வரிசை உருவாகும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் 'ரன்' அட்டவணையில் புதிதாக ஒரு வரிசை சேரும். ஓட்டத்தின் ஒவ்வொரு படியும் 'ஸ்டெப்' அட்டவணைக்கும், கண்ட பிழை 'பக்' அட்டவணைக்கும், பிழையையும் ஓட்டத்தையும் இணைக்கும் முடிச்சு 'லிங்க்' அட்டவணைக்கும் போகும். இதில் நுட்பம் இரண்டாவது, மூன்றாவது அட்டவணைகளுக்கு இடையில் உள்ளது. டெஸ்ட்சைக்கிள் அட்டவணை அந்தச் சோதனையின் கடைசி நிலையை மட்டுமே வைத்திருக்கும். திங்களன்று தவறி, செவ்வாயன்று தவறி, புதனன்று தேறிய சோதனை அங்கே வெறும் 'தேறியது' என்றே தெரியும். ரன் அட்டவணையில் மூன்று நாளும் மூன்று வரிசைகளாக, ஓட்டியவர் பெயருடனும் நேரத்துடனும் நிற்கும். ஆகவே ஒரே தரவுத்தளத்தை ஒரே நாளில் வினவிய இருவர், அட்டவணையைத் தேர்ந்ததைப் பொறுத்து வேறு வேறு உண்மைகளைப் பெற்றனர். இரண்டும் பிழையில்லாத உண்மைகள். மேலிடத்துக்குச் சென்ற அறிக்கைகள் பெரும்பாலும் டெஸ்ட்சைக்கிள் அட்டவணையிலிருந்தே எடுக்கப்பட்டதில் வியப்பில்லை, ஏனெனில் வாடிக்கையாளர் கேட்டது நிலையை. யாரும் அவரிடம் வரலாறும் கிடைக்கும் என்று சொல்லவில்லை.

இதே கருவியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சோதனையை முறைப்படி ஓட்டாமல், பட்டியலில் உள்ள நிலைக் கட்டத்தை மட்டும் 'தேறியது' என்று மாற்றினாலும் கருவி தானாகவே ஓர் ஓட்டத்தைப் பதிவு செய்யும்; அதன் பெயர் 'ஃபாஸ்ட் ரன்' என்று தொடங்கும். காலக்கெடு நெருங்கும் வெள்ளிக்கிழமை மாலைகளில் இத்தகைய வரிசைகள் பெருகுவதைத் தொழிலில் இருப்போர் அறிவர். அந்தப் பெயரைக் கொண்டு வடிகட்டும் ஒற்றை வினவல், எத்தனை சோதனைகள் படிப்படியாக ஓட்டப்பட்டன, எத்தனை வெறுமனே 'டிக்' அடிக்கப்பட்டன என்பதைச் சில நொடிகளில் சொல்லிவிடும். எல்லா ஃபாஸ்ட் ரன்னும் ஏமாற்று என்று கொள்வதும் அநியாயம். வேறிடத்தில் ஓட்டி முடித்ததை இங்கே பதிவு செய்ய அது நேர்மையான வழியாகவும் பயன்பட்டது. எனினும் மொத்த எண்ணிக்கை மறைத்துவிடும் ஒன்றைத் தனி முடிவு காட்டிக்கொடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இக்காலத்தில் கிடைப்பது அரிது.

தானியங்கு சோதனையின் வரலாறு வேறு ஊற்றிலிருந்து வந்து இதனோடு கலந்தது. மனிதர் திரையைப் பார்த்துச் சொல்லும் முடிவுக்குப் பதிலாக, ஒரு நிரலே மற்றொரு நிரலை இயக்கி விடையை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது தானியங்கு சோதனை. 1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியோடு வந்த சோதனைகள், முதல் வரியில் மொத்தம் எத்தனை என்று சொல்லிவிட்டு, அடுத்தடுத்த வரிகளில் 'ஓகே 1', 'ஓகே 2', 'நாட் ஓகே 3' என்று ஒவ்வொன்றின் முடிவையும் தனித்தனியே அச்சிட்டன. மனிதர் படிக்கவும் மற்றொரு நிரல் படித்து எண்ணவும் ஏற்ற அந்த எளிய வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது. 1997இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டா சென்ற விமானத்தில் அமர்ந்து எழுதத் தொடங்கிய ஜேயுனிட், ஜாவா மொழிக்கு இதே வசதியைத் தந்தது. ஜாவாவில் எழுதும் குழுக்கள் ஆன்ட் என்ற கருவியைக் கொண்டு இச்சோதனைகளை ஓட்டியபோது அது ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பை உருவாக்கியது. அதில் ஒவ்வொரு சோதனைக்கும் பெயர், வகுப்பு, எடுத்த நேரம் ஆகியவையும், தவறியிருந்தால் காரணமும் இருந்தன. எதிர்பார்த்த விடை வராத தோல்வியும், நிரலே நடுவில் முறிந்த பிழையும் தனித்தனியே குறிக்கப்பட்டன. எந்தத் தரநிலைக் குழுவும் கூடி வகுக்காத அந்தக் கோப்பு வடிவமே காலப்போக்கில் பல மொழிகளுக்கும் பல கருவிகளுக்கும் பொதுமொழி ஆயிற்று.

தாம்பரம், சோழிங்கநல்லூர் வட்டார அலுவலகங்களில் தானியக்கம் முதலில் மெர்க்குரியின் வின்ரன்னர், க்விக் டெஸ்ட் ப்ரொஃபஷனல் ஆகிய உரிமக் கட்டணக் கருவிகளின் வழியாகவே வந்தது. 2004இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய செலினியம் என்ற தானியக்கக் கருவி கட்டணமின்றிக் கிடைத்ததால், அடுத்த பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் உள்ள பயிற்சி நிலையங்களின் பலகைகளில் செலினியம் என்ற பெயர் ஜாவாவுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. செலினியத்தோடு சேர்த்து இங்கு மிகுதியும் பயன்பட்ட டெஸ்ட்என்ஜி என்ற கருவி, ஓட்டம் முடிந்ததும் தவறிய சோதனைகளை மட்டும் பட்டியலிட்ட தனிக் கோப்பொன்றை எழுதிவைக்கும். அந்தக் கோப்பை மறுபடி ஓட்டினால் தவறியவை மட்டும் ஓடும். இரவு முழுதும் எண்ணூறு சோதனைகள் ஓடி, காலையில் முப்பது தவறியிருந்தால், எண்ணூறையும் மீண்டும் ஓட்டாமல் அந்த முப்பதை ஓட்டுவது அறிவுடைமை. ஆனால் அந்த முப்பதில் இருபத்தெட்டு இரண்டாம் ஓட்டத்தில் தேறிவிட்டால் அறிக்கையில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு குழுவும் தன் மனச்சாட்சிக்கேற்ற விடையைக் கண்டது. பல இடங்களில் இரண்டாம் முடிவே முதல் முடிவின் மேல் எழுதப்பட்டது. தரவுத்தளம் தீர்த்துவைத்த எக்செல் காலத்துக் குறை, தானியக்கத்தின் பின்வாசல் வழியே திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஒரே நிரலை, எதையும் மாற்றாமல், இருமுறை சோதித்தால் ஒருமுறை தேறியும் ஒருமுறை தவறியும் காட்டும் சோதனைக்கு 'ஃபிளேக்கி' என்று பெயர். பக்கம் ஏறும் முன்பே பொத்தானை அழுத்திவிடும் ஸ்க்ரிப்ட், முந்தைய சோதனை விட்டுச்சென்ற தரவை நம்பியிருப்பது, பிறிதொரு சேவை தாமதமாகப் பதில் தருவது என இதற்குக் காரணங்கள் பல. கூகுள் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி அதன் சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 சதவிகிதம் இத்தகைய நிலையற்ற முடிவைத் தந்தன. சோதனைகளில் ஏறத்தாழ 16 சதவிகிதத்திடம் ஓரளவேனும் இக்குணம் இருந்தது. தேறிக்கொண்டிருந்த ஒரு சோதனை தவறத் தொடங்கிய நிகழ்வுகளில் 84 சதவிகிதம் ஃபிளேக்கி சோதனையைச் சார்ந்தவை. உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களுள் ஒன்றிலேயே இந்நிலை என்பது இங்குள்ள குழுக்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை எடுக்க முடிந்ததே ஒவ்வொரு சோதனையின் ஒவ்வொரு முடிவையும் கூகுள் சேமித்து வைத்ததால்தான் என்பதைக் கவனித்தவர் குறைவு. மொத்தத்தை மட்டும் வைத்திருப்பவரால் ஒரு சோதனை ஃபிளேக்கியா, உண்மையான பிழையைக் காட்டுகிறதா என்று பிரித்தறியவே முடியாது. மெப்ஸுக்கு அயலிலுள்ள காசநோய் மருத்துவமனையில் எந்த மருத்துவரும் வார்டின் சராசரிக் காய்ச்சலைப் பார்த்து மருந்து எழுதுவதில்லை. அந்தந்த நோயாளியின் பழைய பரிசோதனை முடிவுகளைத் தேதிவாரியாகக் கேட்டே எழுதுகிறார்.

தனிச் சோதனையின் வரலாற்றைச் சாதாரண ஊழியரின் கைக்கு எட்டச் செய்ததில் ஜென்கின்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் கோசுகே கவாகுச்சி ஹட்சன் என்ற பெயரில் தொடங்கி, 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறிய இக்கருவி, நிரலில் மாற்றம் சேரும்போதெல்லாம் அதைத் தொகுத்துச் சோதனைகளை ஓட்டும். அவ்வாறு தொகுத்துக் கிடைக்கும் ஒவ்வொரு பதிப்பும் 'பில்ட்' எனப்படும். ஆன்ட் தந்த அதே வடிவக் கோப்புகளைப் படித்து, தவறிய ஒவ்வொரு சோதனையின் பக்கத்திலும் அது எத்தனை பில்டுகளாகத் தொடர்ந்து தவறிவருகிறது என்ற 'வயதை' ஜென்கின்ஸ் காட்டியது. வயது 1 என்றால் நேற்றைய மாற்றத்தைச் சந்தேகிக்கலாம். வயது 40 என்றால் அந்தச் சோதனையைக் குழு கைகழுவிவிட்டது என்று பொருள். எஸ்.க்யூ.எல். தெரிந்தவரைத் தேடிப் போகாமலேயே இந்த விடை ஒரு சொடுக்கில் கிடைத்தது பெரிய மாற்றம்.

ஆயினும் புதியது எல்லா வகையிலும் பழையதை விஞ்சிவிடவில்லை. க்யூ.சி.யில் ஒவ்வொரு சோதனைக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. பெயரை எத்தனை முறை மாற்றினாலும் பழைய ஓட்டங்கள் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஜேயுனிட் வழிவந்த உலகில் பெயரே அடையாளம். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு சோதனையின் பெயரைத் திருத்தினால், அதன் மூன்றாண்டு வரலாறு அறுந்து, அது அன்று பிறந்த சோதனையாக எண்ணப்படும். வட்டில் இடம் போதவில்லை என்று பழைய பில்டுகளை அழிக்கும்படி ஜென்கின்ஸில் அமைத்துவிட்டால் அவற்றின் முடிவுகளும் உடன் அழியும். எதை அழிக்கிறோம் என்று யோசித்து அந்த அமைப்பைச் செய்தவர்கள் அதிகம் இரார். இந்தக் குறையை நிரப்பவே, முடிவுகளை மட்டும் தனியே நெடுங்காலம் சேமித்து வினவ இடம்தரும் ரிப்போர்ட்போர்ட்டல் போன்ற கருவிகள் பின்னர் வந்தன. டெஸ்ட் டைரக்டரின் வழித்தோன்றலும் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. மெர்க்குரியை 2006இல் எச்.பி. வாங்கியது, 2017இல் அந்த மென்பொருள் பிரிவு மைக்ரோ ஃபோக்கஸிடம் சென்றது, 2023இல் மைக்ரோ ஃபோக்கஸை ஓப்பன் டெக்ஸ்ட் வாங்கியது.

ஆக, தனிச் சோதனையைக் கேட்டறியும் வசதி இவ்வட்டாரத்து அலுவலகங்களுக்குக் கால் நூற்றாண்டாகவே கைவசம் இருந்து வந்திருக்கிறது. குறைவாக இருந்தது கேட்போரின் எண்ணிக்கைதான். பயிற்சி நிலையங்கள் ஸ்க்ரிப்ட் எழுதக் கற்றுத்தரும் அளவுக்கு முடிவுகளை வினவக் கற்றுத்தர வேண்டும். அதைவிட முக்கியமாக, தேர்ச்சி 98 சதவிகிதம் என்று வரும் அறிக்கையைப் பெறுகிற மேலாளரும் வாடிக்கையாளரும், தேறியவற்றுள் முதல் ஓட்டத்திலேயே தேறியவை எத்தனை, மறு ஓட்டத்தில் தேறியவை எவை, எஞ்சிய இரண்டு சதவிகிதம் எத்தனை பில்டுகளாகத் தவறி வருகிறது என்ற மூன்றையும் அதே அறிக்கையில் கேட்டு வாங்க வேண்டும்.